பானெட் பின்: ஓட்டை போடும் முன் தெரிந்திருக்க வேண்டியவை

ரேஸ் கார் ஒன்றின் முன்பக்கத்தைக் கிட்டத்தில் நின்று பார்த்தால், பானெட்டின் இரண்டு மூலையிலும் சின்னதாக ஒரு தகடு பதித்திருப்பது தெரியும். தகட்டின் நடுவிலிருந்து சுண்டுவிரல் தடிமனில் ஒரு கம்பி எட்டிப் பார்க்கும். கம்பியின் தலைப்பக்கம் குறுக்காக ஒரு துளை, அந்தத் துளைக்குள் ஊக்கு மாதிரி வளைந்த ஒரு கிளிப். அதுதான் பானெட் பின். ஹூட் பின் என்றும் சொல்வார்கள்.

கம்பி காரின் உடம்போடு சேர்ந்தது. அது நுழைவதற்கு பானெட்டில் ஓர் ஓட்டை. பானெட்டை மூடும்போது கம்பி அந்த ஓட்டை வழியாக மேலே வந்து நிற்கும். கிளிப்பைக் குறுக்கே செருகிவிட்டால் பானெட் மேலே எழும்ப வழியில்லை. கதவுக்குத் தாழ்ப்பாள் போடுகிற அதே கணக்குதான். வெறும் தோற்றத்துக்காகப் பசை தடவி ஒட்டும் போலிப் பின்களும் விற்கின்றன. அவற்றைப் பற்றிச் சொல்ல ஒன்றுமில்லை, விட்டுவிடுவோம்.

சரி, காரில் ஏற்கெனவே ஒரு லாக் இருக்கிறதே, அது போதாதா? சாதாரண காருக்கு அது தாராளமாகப் போதும். கம்பெனி லாக்கில் இரண்டு பிடிகள் உண்டு. பானெட்டின் அடியில் இருக்கும் வளையத்தைக் கவ்விப் பிடிப்பது முதல் பிடி. ஓட்டுநர் காலடியில் உள்ள லீவரை இழுத்தால் அது விடும். அப்போதும் பானெட் முழுதாகத் திறக்காது, விரலை உள்ளே விட்டுத் தள்ள வேண்டிய ஒரு கொக்கி அதைப் பிடித்திருக்கும். அது இரண்டாவது பிடி. முன்பக்கமாகத் திறந்து ஓட்டுநரின் பார்வையை மறைக்கக்கூடிய பானெட்டுக்கு இப்படி ஓர் இரண்டாவது பிடி இருந்தே ஆக வேண்டும் என்று அமெரிக்காவின் எஃப்எம்விஎஸ்எஸ் 113 என்ற விதி சொல்கிறது. ஆனால் இரண்டு பிடிகளும் பெரும்பாலான கார்களில் ஒரே இடத்தில், பானெட்டின் நடுவில் இருக்கின்றன. மூலைகள் இரண்டையும் பிடிக்க ஆளில்லை. இரும்புத் தகட்டில் செய்த, உள்ளே எலும்புக்கூடு மாதிரி சட்டம் வைத்த பானெட்டுக்கு அது குறையே இல்லை, அதன் விறைப்பே மூலைகளைத் தாங்கிக்கொள்ளும். எடையைக் குறைக்க அதைக் கழற்றிவிட்டு மெல்லிய ஃபைபர் கிளாஸ் பானெட்டோ கார்பன் ஃபைபர் பானெட்டோ போட்டால் கதை மாறுகிறது.

மாற்றுவது காற்று. கிரில் வழியாக உள்ளே நுழையும் காற்று எஞ்சின் அறைக்குள் அழுத்தத்தை ஏற்றுகிறது. அதே நேரத்தில் பானெட்டின் முன் விளிம்பைத் தாண்டி மேலேறும் காற்று வேகமெடுப்பதால் அங்கே வெளியழுத்தம் குறைகிறது. கீழிருந்து தள்ளல், மேலிருந்து உறிஞ்சல். இரண்டும் சேர்ந்து முன் விளிம்பைத் தூக்கப் பார்க்கின்றன. முன்கண்ணாடியின் அடிவாரத்தில் நிலைமை நேர்மாறு. அங்கே காற்று முட்டி நிற்பதால் பானெட்டின் பின்பகுதியை அது அமுக்கவே செய்கிறது. அதனால்தான் பின்னால் கீல் வைத்த பானெட்டில் தொல்லை எப்போதும் முன் ஓரத்தில் தொடங்குகிறது.

எவ்வளவு விசை என்று ஒரு தோராயக் கணக்குப் போடலாம். மணிக்கு 100 கி.மீ. வேகத்தில் எதிர்க்காற்றின் அழுத்தம் சதுர மீட்டருக்குச் சுமார் 47 கிலோ எடைக்குச் சமம். 200 கி.மீ. என்றால் இரட்டிப்பு அல்ல, நான்கு மடங்கு, அதாவது 190 கிலோவை ஒட்டி வரும். இதில் ஒரு பங்குதான் பானெட்டைத் தூக்குவதில் செலவாகிறது, முழுதும் அல்ல. ஆனால் மூலை ஒரு விரற்கடை எழும்பி, காற்று அடியில் புகுந்துவிட்டால், பானெட் பாய்மரமாகிவிடும். பிறகு அது போய் நிற்கும் இடம் முன்கண்ணாடி.

ஆக, இந்தப் பின் யாருக்கு வேண்டும்? இலேசான பானெட் போட்டவர்களுக்கு, டிராக்கில் ஓட்டுபவர்களுக்கு, லாக்கையே கழற்றிவிட்ட ரேஸ் கார்களுக்கு. நெடுஞ்சாலையில் பானெட் ஓரம் படபடப்பதைப் பார்த்துப் பயந்து பின் போட நினைப்பவர், முதலில் லாக்கையும் கீலையும் பார்க்கட்டும். பழுதான லாக்கின் மேல் பின் போடுவது ஒழுகும் கூரைக்குக் கீழே வாளி வைப்பது மாதிரி. அதேபோல் பானெட் பின் மூலைகளைத்தான் பிடிக்கும். நடுவில் தகடு வயிறு மாதிரி உப்பி அதிர்ந்தால் அது பானெட்டின் பலவீனம், அதற்கு இந்தப் பின் மருந்தாகாது.

மோட்டார் விளையாட்டில் இது விருப்பப்பட்டால் போடும் சாமானும் அல்ல. உலக மோட்டார் பந்தயங்களுக்கு விதி வகுக்கும் எஃப்ஐஏவின் விதித்தொகுப்பில் இணைப்பு ஜே, 253ஆம் பிரிவு, பானெட்டுக்கும் டிக்கிக்கும் தலா குறைந்தது இரண்டு கூடுதல் பூட்டுகள் வேண்டும், கம்பெனி லாக்கைக் கழற்றவோ செயலற்றதாக்கவோ வேண்டும் என்கிறது. தீப்பிடித்த காரின் பானெட்டை வெளியே நிற்பவர் நொடியில் திறக்க வேண்டும். உள்ளே கைவிட்டு லீவரைத் தேடிக்கொண்டிருக்க முடியாது. அந்த விதி கேட்கும் பூட்டு கிட்டத்தட்ட நாம் முதலில் பார்த்த கம்பியும் கிளிப்பும்தான், அதை 'அமெரிக்க வகை' என்றே குறிப்பிடுகிறது. பெயருக்குப் பொருத்தமாகத்தான் இருக்கிறது: ரேஸ் டிராக்கிலிருந்து ஷோரூமுக்கே வந்த பின்களும் அந்த ஊரில் உண்டு. 1969ஆம் ஆண்டு போர்ட் மஸ்டாங் மாக் 1 கார் கேபிள் கட்டிய பானெட் பின்களோடு வந்தது.

கடையில் போய்க் கேட்டால் ஏழெட்டு வகையைக் காட்டுவார்கள். அடிப்படையில் இரண்டுதான்.

ஒன்று, கிளிப் வகை. மரை போட்ட ஒரு கம்பி, அதை மேலும் கீழும் இறுக்க இரண்டு நட்டு, வாஷர்கள், பானெட்டின் மேல் உட்காரும் தகடு, கிளிப், அது தொலையாமலிருக்க ஒரு சிறு கேபிள். கம்பியின் விட்டம் பெரும்பாலும் 10 முதல் 12 மி.மீ. வரை இருக்கும். ஓட்டை ஒன்று போட்டால் போதும், தப்பு நடந்தாலும் தகடு கொஞ்சம் மறைத்துக்கொள்ளும்.

மற்றது, பானெட்டோடு சமதளமாகப் பதியும் பட்டன் வகை. ஏரோகேட்ச் என்ற பெயர் இதில் பலருக்கும் தெரிந்தது. பட்டனை அழுத்தினால் ஒரு நாக்கு மேலெழும். அதைத் திரும்ப அமுக்கினால் உள்ளே ஒரு குறுக்குக் கம்பி நகர்ந்து பின்னின் துளைக்குள் புகுந்து பூட்டிக்கொள்ளும். பார்க்க நறுவிசு, காற்றுக்கும் தடங்கலில்லை, சாவி போட்டுப் பூட்டும் மாடலும் கிடைக்கிறது. ஆனால் பானெட்டில் ஓட்டைக்குப் பதிலாக நீள்வட்ட வடிவில் ஒரு பெரிய திறப்பையே வெட்ட வேண்டும், அடியில் அதன் உடம்பு இறங்க இடமும் வேண்டும். வெட்டியது வெட்டியதுதான். இவை தவிர ரப்பர் பட்டை, தோல் பட்டை, கால் சுற்றுத் திருப்பினால் பூட்டிக்கொள்ளும் திருகு என்றெல்லாம் இருக்கின்றன.

முதல்முறை செய்கிறவர் கிளிப் வகையையே எடுக்கலாம் என்பது என் கட்சி. அதில் இன்னொரு நன்மையும் இருக்கிறது. கிளிப் மாட்டியிருக்கிறதா என்பது ஓட்டுநர் இருக்கையிலிருந்தே பல கார்களில் தெரியும். பட்டன் வகையில் பாதி பூட்டியதும் முழுதாகப் பூட்டியதும் தூரத்தில் ஒன்றுபோல் இருக்கும்.

இனி வேலைக்கு வருவோம். எல்லாவற்றுக்கும் முன்னால் மனதில் நிறுத்த வேண்டிய ஒன்று: பின்னின் வேலை பானெட்டைப் பிடிப்பது, இழுத்து நேராக்குவது அல்ல. பானெட் தானாகவே சரியான இடத்தில் வந்து உட்கார வேண்டும், அப்படி உட்கார்ந்த நிலையில் அதைப் பின் பிடிக்க வேண்டும். கோணலாக உட்காரும் பானெட்டைப் பின்னைக் கொண்டு இழுத்துக் கட்டினால் மூலையில் விரிசல் விழும், ஒவ்வொரு முறையும் கம்பி ஓட்டையில் உரசும், சில மாதத்தில் ஓட்டை முட்டை வடிவத்துக்கு வந்துவிடும்.

அதனால் முதல் நாள் வேலையில் டிரில்லுக்கு இடமே இல்லை. கீல் போல்ட்டுகளைத் தளர்த்தி, பானெட்டுக்கும் இரண்டு பக்க ஃபெண்டருக்கும் (முன்சக்கரத்தின் மேல் உள்ள தகடு) நடுவே உள்ள இடைவெளி முன்னிருந்து பின்வரை ஒரே அளவாக இருக்கும்படி நகர்த்துங்கள். பிறகு மூலைகளில் உள்ள ரப்பர் தாங்கிகள். அவற்றைத் திருகி ஏற்றி இறக்கலாம். பானெட் ஃபெண்டரின் மட்டத்துக்கு வரும்வரை சரிசெய்யுங்கள். இந்த ரப்பர்கள் பிறகு பின்னுக்குத் துணையாக வரும்: கிளிப் மேலிருந்து தடுக்க, ரப்பர் கீழிருந்து உந்த, நடுவில் பானெட் ஆடாமல் நிற்கும். ரப்பர் இல்லாமல் பின்னை மட்டும் போட்டால் கடகட சத்தம் நிச்சயம்.

அடுத்து, எந்த இடத்தில்? கீலுக்கு எதிர்ப்பக்கம், முடிந்தவரை மூலைக்கு அருகே, இரண்டு பக்கமும் மையத்திலிருந்து ஒரே தூரத்தில். பின்னால் கீல் உள்ள காரில் அது ரேடியேட்டரை மேலே பிடித்திருக்கும் குறுக்குச் சட்டத்தின் இரு முனைகளாக இருக்கும். முன்னால் கீல் வைத்த கார் என்றால் பின்கள் கண்ணாடிப் பக்கம் போகும். கீலே இல்லாமல் முழுதாகத் தூக்கி வைக்கும் பானெட்டுக்கு நான்கு பின் வேண்டும்.

சட்டத்தின் மேல் பிளாஸ்டிக் மூடி இருந்தால் அதைக் கழற்றிப் பாருங்கள். பிளாஸ்டிக்கில் நட்டு இறுக்கிவிட்டுப் 'பின் போட்டாயிற்று' என்று கிளம்பியவர்கள் உண்டு. உலோகத்தில்தான் நிற்க வேண்டும், தகடு மெல்லியதாக இருந்தால் அடியில் ஒரு பட்டைத் தகட்டை வைத்து விசையைப் பரப்ப வேண்டும். அந்த இடத்துக்குக் கீழே என்ன இருக்கிறது என்று விளக்கடித்துப் பாருங்கள்: ஏ.சி. கண்டென்சர், ஹெட்லைட் ஒயர், ஹார்ன், ரேடியேட்டரின் தொட்டி. பானெட்டின் அடிப்பக்கத்தையும் பாருங்கள். உள்சட்டத்தின் விலா எலும்பு ஒன்று சரியாக அதே இடத்தில் ஓடினால், ஓட்டை இரண்டு தகடுகளைத் தாண்ட வேண்டும். இரண்டு செ.மீ. தள்ளிப்போனால் ஒரே தகடாக இருக்குமென்றால் தள்ளிப்போங்கள்.

பின்னை நட்டுவைக்கும் கோணத்தைப் பற்றி விளக்கத் தாள்களில் ஒரு வரிக்கு மேல் இருப்பதில்லை. எனக்குப் புரிய ரொம்ப நாள் ஆன விஷயம் இது. பானெட் நேராக மேலே எழும்புவதில்லை, கீலை மையமாக வைத்து வட்டவில்லில் சுழல்கிறது. கீலிலிருந்து பின்வரை 1 மீட்டர் என்று வைத்துக்கொள்வோம். ஓட்டை 5 செ.மீ. மேலே ஏறுவதற்குள் வட்டத்தின் வளைவால் அது பின்னோக்கி நகர்வது ஒன்றேகால் மி.மீ.தான். அது பெரிய விஷயமில்லை. ஆனால் பெரும்பாலான பானெட்டுகள் முன்னோக்கிச் சரிந்தவை, கீல் உயரத்திலும் முன் ஓரம் தாழ்விலும் இருக்கும். அந்தச் சரிவு 10 செ.மீ. என்றால், அதே 5 செ.மீ. ஏற்றத்தில் ஓட்டை மூன்று நான்கு மி.மீ. முன்னால் போகும். பின் தரைக்கு நேர்செங்குத்தாக நின்றால் கட்டாயம் உரசும். ஆகவே பின் நிமிர்ந்து நிற்க வேண்டியது தரைக்கல்ல, கீலிலிருந்து ஓட்டைக்குப் போகும் கோட்டுக்கு. கண்ணுக்கு அது சற்றே முன்னால் சாய்ந்த மாதிரி தெரியும். சட்டம் அந்தக் கோணத்தில் இல்லையென்றால் ஆப்பு வடிவ வாஷரோ சின்ன பிராக்கெட்டோ கொடுத்துச் சாய்க்கலாம். பல புது கார்களில் கீல் நான்கு கைகள் கொண்டதாக இருப்பதால் இந்தக் கணக்கு அப்படியே பொருந்தாது. பானெட்டை மெதுவாக மூடித் திறந்து, கடைசி ஐந்து செ.மீ.யில் ஓரம் எந்தப் பக்கம் நகர்கிறது என்று பக்கவாட்டில் குனிந்து பார்த்தால் தெரிந்துவிடும்.

இப்போது சட்டத்தில் ஓட்டை. பிட் வழுக்காமலிருக்கச் சிறு குழி போடும் சென்டர் பஞ்சை வைத்து ஒரு தட்டு, 3 மி.மீ. பிட்டில் முதல் துளை, பிறகு கம்பியின் அளவுக்குப் பெரிதாக்கல். பிசிறை அரத்தால் தேய்த்து, வெளியே தெரியும் இரும்புக்குப் பிரைமர் தடவி, காய்ந்தபின் பின்னை நட்டுகளுடன் மாட்டுங்கள். முழுதாக இறுக்க வேண்டாம். பானெட் மூடும்போது அதன் நுனி பானெட்டின் அடியைத் தொட்டும் தொடாமலும் இருக்கும் உயரத்தில் நிறுத்துங்கள்.

பானெட்டில் ஓட்டை எங்கே என்று குறிப்பதுதான் இந்த வேலையின் உயிர்நாடி. பின்னின் தலையில் எதையாவது தடவி, பானெட்டை அதன் மேல் இறக்கி, ஒட்டிய அடையாளத்தில் துளைப்பது வழக்கமான முறை. நான் முதன்முதலில் செய்தபோது பின் தலையில் கிரீஸைத் தாராளமாக அப்பினேன். பானெட்டை வழக்கம்போல மேலிருந்து கைவிட்டேன். அது ஒரு குதி குதித்து அடங்கியது. திறந்து பார்த்தால் பத்துக்காசு அகலத்துக்கு ஒரு கருப்புத் தீற்றல். அதன் நடு எது என்று கண்மதிப்பில் முடிவு செய்து துளைத்தேன். 4 மி.மீ. தவறிவிட்டது. வட்ட அரத்தை எடுத்து ஒரு மாலை முழுக்கத் தேய்த்து ஓட்டையை நீட்டினேன். தகடு மறைத்துக்கொண்டதால் வெளியே யாருக்கும் தெரியாது. எனக்குத் தெரியும்.

இப்போது செய்வது வேறு. பின்னின் தலை நடுவில் சிறு களிமண் உருண்டையை ஒட்டி, அதில் ஒரு வரைபட ஊசியை முனை மேலே இருக்கும்படி குத்திவைப்பேன். பானெட்டின் அடியில் மாஸ்கிங் டேப் ஒட்டுவேன். பிறகு இரண்டு கையாலும் பிடித்து, லாக்கில் மாட்டும்வரை தாலாட்டுவது போல இறக்குவேன். டேப்பில் விழுவது தீற்றல் அல்ல, ஊசி குத்திய புள்ளி. அப்படியும் ஒரு முறையோடு விடுவதில்லை. டேப்பை மாற்றி மூன்று முறை செய்து, மூன்று புள்ளியும் ஒரே இடத்தில் விழுந்தால்தான் டிரில்லைத் தொடுவது. பின் நுனிக்கும் பானெட்டுக்கும் நடுவே ரொம்ப இடைவெளி இருந்தால் புள்ளி பொய் சொல்லும். அதற்காகத்தான் தொட்டும் தொடாமலும் இருக்கும் உயரம்.

புள்ளி விழுவது அடிப்பக்கத்தில். அங்கிருந்து மேல்நோக்கி மெல்லிய பிட்டால் ஒரு வழிகாட்டித் துளை. பானெட்டுக்கு இரண்டு தகடு இருந்தால் இங்கேதான் கவனம் வேண்டும்: அடித் தகட்டில் டிரில் ஐந்து டிகிரி சாய்ந்தால், 3 செ.மீ. இடைவெளியைத் தாண்டி மேல் தகட்டை அடையும்போது இரண்டரை மி.மீ. விலகியிருக்கும். பக்கத்தில் ஒருவர் நின்று 'இப்படி வா, அப்படிப் போ' என்று சொன்னால் நல்லது. வெளிப்பக்கத்திலும் டேப் ஒட்டியிருக்கட்டும், பெயிண்ட் பெயராது. மெல்லிய பிட் வெளியே வந்ததும் மேலிருந்து ஸ்டெப் பிட் (படிப்படியாக விட்டம் கூடும் பிட்) போட்டுப் பெரிதாக்குங்கள். கம்பியைவிட இரண்டு மூன்று மி.மீ. பெரிதாக இருக்கலாம், கம்பியோடு உரசிப் பழக வேண்டியது மேலே வரும் தகடுதான், பானெட் அல்ல. இரண்டு பக்கத்தையும் ஒரே மூச்சில் துளைக்காதீர்கள். ஒரு பக்கம் முடித்து, மூடிப் பார்த்து, அது பொருந்திய பிறகே மறுபக்கத்துக்குப் புள்ளி எடுங்கள். முதல் பின் ஓட்டையில் நுழைந்தபின் பானெட் அரை மி.மீ. நகர்ந்திருக்கக்கூடும்.

இரும்பு பானெட்டில் ஓட்டையின் விளிம்புக்குப் பிரைமரும் பெயிண்டும் இரண்டு கோட் கட்டாயம். இல்லையென்றால் அடுத்த மழைக்காலத்தில் தகட்டுக்கு அடியிலிருந்து பழுப்பாக ஒழுகும். ஃபைபர் கிளாஸில் மேலே உள்ள பளபளப்புப் படலம்தான் எதிரி. பிட் கடித்ததும் சில்லு சில்லாகப் பெயரும். அதற்கு ஒரு பழைய கைமுறை: முதல் படலம் தாண்டும்வரை டிரில்லைத் தலைகீழ்ச் சுற்றில் ஓட்டுவது. பிட் வெட்டாது, தேய்க்கும். பிறகு நேர்ச் சுற்று.

கார்பன் ஃபைபரில் சென்டர் பஞ்சைச் சுத்தியலால் தட்டவே கூடாது, அடுக்குகள் பிரிந்துவிடும். கூர்மையான புது பிட், குறைந்த அழுத்தம், பிட் வெளியே வரும் பக்கத்தில் ஒரு மரத்துண்டை அழுத்திப் பிடிக்க ஓர் ஆள். தூசி நுரையீரலுக்கும் தோலுக்கும் ஆகாது. முகமூடி, கண்ணாடி, நீளக் கை, அருகில் ஓடும் வேக்குவம். துளைத்தபின் விளிம்பில் எபாக்சி தடவி அடைத்துவிடுங்கள், தண்ணீர் அடுக்குக்குள் போகக் கூடாது. இன்னொன்று, கார்பனும் அலுமினியமும் ஈரத்தில் ஒன்றையொன்று தொட்டுக்கொண்டிருந்தால் அலுமினியம் அரித்துப்போகும். தகடு அலுமினியம் என்றால் நடுவில் ரப்பர் கேஸ்கெட் வையுங்கள்.

தகட்டை மேலே வைத்து, பானெட்டை மூடி, கம்பி அதன் ஓட்டைக்கு நட்டநடுவே வரும்படி நகர்த்திக் குறியுங்கள். ரிவெட் அடிப்பதென்றால் ஃபைபர் பானெட்டின் அடியில் வாஷர் கொடுங்கள், இல்லையென்றால் ரிவெட்டே ஃபைபரைப் பிளந்துகொண்டு வெளியே வரும்.

உயரம் வைப்பது பொறுமை கேட்கும். கீழ் நட்டைத் திருகிக் கம்பியை ஏற்றி இறக்குங்கள். கம்பியின் குறுக்குத் துளையின் அடிவிளிம்பு தகட்டின் மட்டத்தில் அல்லது ஒரு நூல் கீழே இருக்க வேண்டும். உள்ளங்கையால் பானெட்டை இலேசாக அமுக்கினால்தான் கிளிப் நுழைய வேண்டும், கையை எடுத்தால் ரப்பர் உந்தி கிளிப் இறுகி நிற்க வேண்டும். அமுக்காமலே நுழைந்தால் தளர்வு, ஓடும்போது சத்தம் வரும். முழங்கையை ஊன்றி அமுக்க வேண்டியிருந்தால் மிகை. பானெட்டின் மூலை வளைந்து கீழே போவதைப் பக்கத்திலிருந்து பார்க்கலாம். சரியான இடம் கிடைத்ததும் மரையில் திரெட் லாக்கர் (நட்டு கழலாமல் பிடிக்கும் பசை) ஒரு சொட்டு விட்டு, மேல் நட்டையும் கீழ் நட்டையும் ஒன்றையொன்று எதிர்த்து இறுக்குங்கள். அடியில் நீட்டிக்கொண்டிருக்கும் மீதிக் கம்பியை வெட்டிவிடலாம், ஆனால் உயரம் இறுதியான பிறகு.

கிளிப்பை முன்னாலிருந்து பின்னோக்கிச் செருகும்படி வையுங்கள். அப்போது எதிர்க்காற்று அதை உள்ளே தள்ளும், வெளியே இழுக்காது. கேபிளின் ஒரு முனை கிளிப்பில், மறுமுனை பானெட்டின் அடியிலோ கிரில்லிலோ. கிளிப்பைக் கழற்றித் தொங்கவிட்டால் அது பெயிண்டில் அடிக்காத நீளமாக, ரேடியேட்டர் விசிறிக்கு எட்டாத நீளமாக இருக்க வேண்டும். கேபிளின் மேல் ஒரு பிளாஸ்டிக் குழாயை மாட்டிவிட்டால் கீறல் மிச்சம்.

கம்பெனி லாக்கை என்ன செய்வது என்று எல்லோரும் கேட்பார்கள். போட்டி விதி கேட்டால் கழற்றுங்கள். சாலையில் ஓடும் கார் என்றால் விட்டுவிடுங்கள், பின் கூடுதல் காவலாக இருக்கட்டும். கிளிப்பை ஒரு நாள் மறந்தாலும் லாக் பிடிக்கும். இன்னொரு காரணம் திருட்டு. பின் மட்டுமே பூட்டு என்றால் வழியில் போகிறவர் யார் வேண்டுமானாலும் இரண்டு கிளிப்பை உருவிவிட்டு பேட்டரியைத் தூக்கிக்கொண்டு போகலாம்.

சாலைக் காருக்கு வேறு இரண்டு கவலைகளும் உண்டு. பானெட்டின் மேல் நீட்டிக்கொண்டிருக்கும் கம்பி, மோதும் பாதசாரியின் உடம்பில் இறங்கும். காரின் வெளிப்புறத்தில் துருத்தும் பாகங்களைக் கட்டுப்படுத்தவே ஐ.நா.வின் 26ஆம் எண் வாகன விதி இருக்கிறது, அதைப் பின்பற்றும் நாடுகளில் பரிசோதனைக்குப் போனால் இது கேள்வியாகலாம். இங்கே பட்டன் வகை கொஞ்சம் பாதுகாப்பானது. அப்புறம், சில கார்களில் பாதசாரி மோதிய கணத்தில் சிறு வெடிமருந்து விசையால் பானெட்டின் பின்பக்கம் எழும்பும். தலை எஞ்சினில் மோதாமல் இருக்க அந்த ஏற்பாடு. அந்த மாதிரி காரின் பானெட்டை மாற்றுவதோ கண்ணாடிப் பக்கம் பின் போடுவதோ அந்த ஏற்பாட்டையே கெடுத்துவிடும். அதில் கைவைக்காதீர்கள்.

முதல் ஓட்டத்துக்கு முன் நட்டுகளின் மேலும் சட்டத்தின் மேலும் சேர்த்து பெயிண்ட் பேனாவால் ஒரு கோடு போட்டுவிடுங்கள். தகட்டின் ஓட்டையைச் சுற்றி டேப் ஒரு சுற்று. மெதுவான வேகத்தில் பத்து நிமிடம் ஓட்டி, நிறுத்தி, இறங்கிப் பாருங்கள். பிறகு வேகத்தைக் கூட்டி இன்னொரு முறை. டேப்பின் ஒரு பக்கம் மட்டும் பளபளவென்று தேய்ந்திருந்தால் கம்பி அந்தப் பக்கம் உரசுகிறது, கோணத்தையோ தகட்டையோ நகர்த்த வேண்டும். கோடு இரண்டாகப் பிரிந்திருந்தால் நட்டு கழன்றுகொண்டிருக்கிறது. நூறு கி.மீ. கழித்தும் கோடு ஒன்றாகவே இருந்தால் டேப்பைக் கிழித்துவிடலாம்.